பிள்ளைகளுக்குப் படம் வாசிக்கக் கற்றுத்தர: பள்ளி நூலகத்தில் நான்கு வழிகள், எது முதலில்?

பள்ளி நூலகத்தைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர்களும் நூலகர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. "இந்த ஆண்டு கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு பாடவேளையும் கிடைத்திருக்கிறது. பிள்ளைகள் படங்களைப் புரிந்து பார்க்கப் பழக வேண்டும். படப் புத்தகங்கள் வாங்கிவிடலாமா? கேமரா, டேப்லட் என்று போகலாமா? இல்லை, முதலில் செய்ய வேண்டியது வேறு ஏதாவது இருக்கிறதா?"

எல்லாமே நல்லதுதான் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் பணமும் நேரமும் அளவாக இருக்கும்போது அந்தப் பதிலால் யாருக்கும் பயனில்லை. நான் பல ஆண்டுகளாகப் பள்ளி நூலகத்தில் வேலை செய்கிறேன். கீழே சொல்லும் நான்கு வழிகளையும் செய்து பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றைத் தவறான நேரத்தில் தொடங்கி ஓர் ஆண்டை வீணாக்கியும் இருக்கிறேன். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில், படம் வாசிப்பது என்றால் என்ன? கல்வித்துறையில் இதைக் 'காட்சி எழுத்தறிவு' என்பார்கள். அமெரிக்காவில் ஜான் டெப்ஸ் என்பவர் 1969 வாக்கில் இதற்கு ஒரு பெயரும் வரையறையும் கொடுத்தார். என் வேலைக்கு நான் அதை மூன்று பழக்கங்களாகப் பிரித்துக்கொள்கிறேன். படத்தில் இருப்பதைப் பார்த்துச் சொல்வது முதல் பழக்கம். இதை யார், எதற்காக எடுத்தார்கள், எது சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது என்று கேட்பது இரண்டாவது. நினைத்ததைத் தானே ஒரு படமாக்கிச் சொல்வது மூன்றாவது. முதலாவது இல்லாமல் மற்ற இரண்டும் நிற்பதில்லை.

## எதை வைத்து எடைபோடுவது?

பொருள் விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் பெரும்பாலும் தவறிவிடும். நான் பார்ப்பவை இவை:

- ஒரு பிள்ளை ஓர் ஆண்டில் எத்தனை முறை ஒரு படத்தின் முன் நின்று யோசிக்க வாய்ப்புக் கிடைக்கிறது?
- மேலே சொன்ன மூன்று பழக்கங்களில் எது வளர்கிறது?
- பெரியவர் ஒருவர் எவ்வளவு நேரம் உடன் இருக்க வேண்டும்?
- இரண்டாம் ஆண்டில் என்ன செலவு வரும்?
- யார் விடுபட்டுப் போவார்கள்? கூச்ச சுபாவமுள்ளவர், எழுத்துக்கூட்டிப் படிப்பவர், பார்வைக் குறைபாடு உள்ளவர், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்?
- பொறுப்பில் இருப்பவர் மாற்றலாகிப் போனால் அது தொடருமா?

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. ஆனால் நல்ல முயற்சிகள் பல நின்றுபோவது அங்கேதான்.

## வழி 1: படப் புத்தகங்களும் வரைகதைகளும்

செக் நாட்டுக் கல்வியாளர் கொமேனியஸ் 1658-இல் பிள்ளைகளுக்காக ஒரு படப் பாடநூல் வெளியிட்டார். படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் இருக்கும். பக்கத்தில் அதே எண்ணோடு அந்தப் பொருளின் பெயர் இருக்கும். படம் சொல்லை விளக்கும், சொல் படத்தை விளக்கும். இன்றைய நல்ல படப் புத்தகங்கள் இதைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டன. 'நான் இன்றைக்குச் சமர்த்தாக இருந்தேன்' என்று எழுத்து சொல்லும், படத்தில் ஜாடி உடைந்து கிடக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள பொய்யைக் கண்டுபிடிப்பது வாசிப்பவரின் வேலை. நான்கு வயதுப் பிள்ளைகூட அதைக் கண்டுபிடித்துச் சிரிக்கும்.

வரைகதையில் (காமிக்ஸில்) அந்த வேலை கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தில் நடக்கிறது. ஒரு கட்டத்தில் ஒரு கை கல்லை ஓங்குகிறது. அடுத்த கட்டத்தில் பறவைகள் பறக்கின்றன. கல் எங்கே விழுந்தது என்று யாரும் வரையவில்லை, வாசிப்பவர்தான் எறிந்தார்.

இந்த வழியின் பெரிய பலம், வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்பது. மின்சாரம் வேண்டாம், பாடவேளை வேண்டாம், நான் விடுப்பில் இருந்தாலும் நடக்கும். எழுத்தில் திணறும் பிள்ளை கௌரவமாகக் கையில் வைத்துக்கொள்ள ஒரு புத்தகம் கிடைக்கிறது. ஆண்டுகள் போனாலும் அலமாரி அங்கேயே இருக்கும்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. புத்தகம் கையில் இருப்பதால் மட்டும் பிள்ளை படத்தைப் பார்த்துவிடாது. சொற்களே இல்லாத ஒரு படப் புத்தகத்தை ஒரு மாணவி எடுத்துப்போய் பத்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்தாள். "முடிச்சிட்டேன் மிஸ், இதில் படிக்கவே ஒண்ணும் இல்லை." பதிவேட்டில் அது ஒரு புத்தகம் படித்த கணக்கு. அடுத்த நாள் அவளோடு உட்கார்ந்து முதல் இரண்டு பக்கங்களை மட்டும் பார்த்தோம். ஜன்னலுக்கு வெளியே வந்துபோகும் நிழலை அவள் கவனித்ததும் புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து திருப்பினாள், அன்றைக்கு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. அந்த ஐந்து நிமிடம் உடன் உட்கார ஆள் இல்லாவிட்டால் அந்தப் புத்தகம் அவளுக்குத் திறந்தே இருக்காது.

மறைவான செலவுகள்: வரைகதைகள் மற்ற புத்தகங்களைவிட வேகமாகக் கைமாறும், அதனால் கட்டு சீக்கிரம் பிரியும். தொடர்களில் ஒரு பாகம் தொலைந்தால் மீதிப் பாகங்கள் தூங்கிவிடும். படப் புத்தகங்களின் முதுகு மெல்லியது. செங்குத்தாக அடுக்கினால் யார் கண்ணுக்கும் படாது. அட்டை முன்னால் தெரியும்படி வைக்கத் தட்டுகள் வேண்டும், அவை இடத்தை விழுங்கும். நூலகப் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்துப் பிரிக்கும் டூயி முறையில் 741.5 என்ற எண்ணின்கீழ் வரைகதைகள் எல்லாம் வந்து குவியும். ஆறு வயதுக்கானதும் பதினாறு வயதுக்கானதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வயதுவாரியாகப் பிரித்து ஒட்டுவது நீங்கள்தான் செய்ய வேண்டிய வேலை. அப்புறம், "இதெல்லாம் படிப்பா?" என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்க வேண்டும். நான் பதில் சொல்லுவதில்லை, ஒரு வரைகதையைக் கையில் கொடுத்து ஒரு பக்கம் படித்துக் காட்டச் சொல்வேன்.

## வழி 2: வாரம் ஒரு படம், இருபது நிமிடப் பேச்சு

ஒரே ஒரு படம். எல்லாரும் பார்க்கிறார்கள். ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது. அப்புறம் மூன்று கேள்விகள். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவை நடத்திய பிலிப் யெனவைனும் ஆய்வாளர் அபிகெய்ல் ஹவுசனும் சேர்ந்து உருவாக்கிய முறை இது. நூலகருக்கு ஓவியம் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது கேள்வியை விடாமல் கேட்கத் தெரிந்தால் போதும்.

ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். 1855-இல் கிரிமியப் போரின்போது ரோஜர் ஃபென்டன் எடுத்த பள்ளத்தாக்குப் படம் ஒன்று உண்டு. வெறிச்சென்ற ஒரு பாதை, அதன்மேல் சிதறிக் கிடக்கும் பீரங்கிக் குண்டுகள். "சண்டை இப்போதுதான் முடிந்திருக்கிறது," என்றார்கள். "எதைப் பார்த்து?" "குண்டு கிடக்கிறதே." பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன் மெதுவாகக் கேட்டான்: "பாதை பூராவும் குண்டு கிடந்தால் வண்டி எப்படிப் போகும் மிஸ்?"

அப்போதுதான் இரண்டாவது படத்தை எடுத்தேன். ஃபென்டன் அதே இடத்தில், அதே கோணத்தில் இன்னொன்றும் எடுத்திருக்கிறார். அதில் பாதை சுத்தமாக இருக்கிறது, குண்டுகள் ஓரத்துப் பள்ளத்தில் கிடக்கின்றன. எது முதலில் எடுத்தது? வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. குண்டுகளை யாரோ அப்புறப்படுத்தியிருக்கிறார்கள் என்று பாதிப் பேர், யாரோ பாதையில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்று மீதிப் பேர். இந்தக் கேள்வியைப் பெரியவர்களும் பல காலம் விவாதித்திருக்கிறார்கள். கடைசியில் விடை சரிவில் கிடந்த சின்னக் கற்களில் இருந்தது. சுத்தமான பாதை உள்ள படத்தில் மேலே இருக்கும் சில கற்கள், குண்டுகள் உள்ள படத்தில் சற்றுக் கீழே கிடக்கின்றன. ஆள் நடந்தால் கல் கீழேதான் உருளும். ஆக, குண்டுகள் பாதைக்கு வந்தது பிறகு. இரண்டு படங்களையும் பெரிதாக்கிக் கற்களைத் தேடிக்கொண்டிருந்த அந்த இருபது நிமிடத்தைப்போல ஒரு பாடவேளையை நான் அதிகம் பார்த்ததில்லை.

இங்கே வளர்வது முதல் இரண்டு பழக்கங்கள். செலவு ஏறக்குறைய இல்லை. நாசாவின் பெரும்பாலான படங்களுக்குப் பதிப்புரிமைக் கட்டுப்பாடு கிடையாது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஏராளமான பழைய புகைப்படங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதலும், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் 2020 முதலும் லட்சக்கணக்கான படங்களை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டிருக்கின்றன. ஒரு நல்ல அச்சுப் படியோ புரொஜெக்டரோ இருந்தால் தொடங்கிவிடலாம்.

மறைவான செலவு நேரமும் பொறுமையும். முதல் மூன்று நான்கு வாரம் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள், சரியான விடை எது என்று உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். பதிலைத் தெரிந்துகொண்டு சொல்லாமல் இருப்பது ஆசிரியர்களுக்கு எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். நாற்பது பேர் ஒன்றாக உட்கார்ந்தால் ஆறு பேர்தான் பேசுவார்கள். ஐந்து ஐந்து பேராகப் பிரித்து ஆளுக்கொரு அச்சுப்படி கொடுத்தால் நிலைமை மாறும். பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளை இருந்தால், பேச்சைத் தொடங்குமுன் ஒருவர் படத்தை வாயால் விவரிக்கட்டும். அந்தப் பிள்ளைக்காகத் தொடங்கிய பழக்கம் எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் பயன்பட்டது, ஏனென்றால் விவரிக்கும்போதுதான் விட்டதெல்லாம் தெரியவரும்.

## வழி 3: பாட ஆசிரியரோடு சேர்ந்து

வரலாறு, அறிவியல், கணக்கு, புவியியல் பாடங்களில் வரும் படங்களை நூலகத்தில் வைத்து ஆராய்வது இது. படம் எங்கிருந்து வந்தது என்று தேடுவது, மூலத்தைக் குறிப்பிடுவது, பதிப்புரிமையை மதிப்பது எல்லாம் இதில் அடங்கும். நூலகச் சங்கங்களின் உலகளாவிய கூட்டமைப்பான இஃப்லா 2015-இல் வெளியிட்ட பள்ளி நூலக வழிகாட்டுதல்களும், நூலகரின் வேலையில் கற்பித்தலை நடுவில் வைக்கின்றன.

இது ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் ஆய்வு போதும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், உருக்குலைந்த டெய்சிப் பூக்களின் படம் ஒன்றை 170-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் காட்டினார்கள். ஃபுகுஷிமா அணு உலை விபத்தால் வந்த பூக்கள் என்று அதற்குத் தலைப்பு. இதை யார் போட்டது, எங்கே எடுத்தது என்று உருப்படியாகக் கேட்டவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. அவர்களுக்குக் கண்ணில் குறையில்லை. படம் என்றாலே சாட்சி என்று நினைத்துவிட்டார்கள்.

கணக்கு ஆசிரியரோடு செய்யக்கூடிய ஒன்று: ஒரு வகுப்பின் வருகை 96 சதவீதம், இன்னொன்றின் வருகை 98. பட்டை வரைபடத்தின் அடிக்கோட்டைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் இரண்டு பட்டைகளும் ஒரே உயரமாகத் தெரியும். அடிக்கோட்டை 95-இல் தொடங்கினால் ஒன்று மற்றதைவிட மூன்று மடங்கு உயரம். எண் எதுவும் பொய்யில்லை. பிள்ளைகள் தாங்களே இரண்டையும் வரைந்து பார்த்தால் அப்புறம் எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் கண் முதலில் அடிக்கோட்டுக்குத்தான் போகும். புவியியலில் மெர்கேட்டர் 1569-இல் வரைந்த முறைப்படியான உலகப் படத்தையும் ஒரு பூகோள உருண்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. கடலில் திசை பிடிக்க உதவியது அந்தப் படம், அதற்கு விலையாகப் பரப்பளவை விட்டுக்கொடுத்தது.

செயற்கை நுண்ணறிவு ஆக்கும் படங்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. 'விரல்களை எண்ணிப் பார்' என்பதுபோன்ற அடையாளங்களைப் பாடமாக்காதீர்கள். அவை சீக்கிரம் பழசாகிவிடும், பிள்ளைகள் தவறான நம்பிக்கையோடு வெளியே போவார்கள். படத்தைக் கொண்டே தேடும் வசதியில் போட்டு, முதலில் எங்கே, எப்போது, யார் வெளியிட்டது என்று பார்க்கும் பழக்கம் நீண்டநாள் நிற்கும்.

மறைவான செலவு, திட்டமிடும் நேரம். ஒரு பாடவேளைக்காகப் பாட ஆசிரியரோடு இரண்டு முறையாவது உட்கார வேண்டியிருக்கிறது. தேர்வு நெருங்கினால் முதலில் வெட்டப்படுவது இதுதான். ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் மாறிப்போனால் அந்த வகுப்பில் எல்லாம் நின்றுவிடும். கீழ் வகுப்புகளுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. மேல்நிலை வகுப்புகளுக்கு இதற்கு ஈடு இல்லை.

## வழி 4: பிள்ளைகளே படம் ஆக்கும் மூலை

கேமரா, டேப்லட், வரையும் மென்பொருள், சுவரொட்டி, சிறு வரைகதை. பார்க்க ஆசையாக இருக்கும், பார்வையிட வருபவர்களும் மகிழ்வார்கள். நான் தவறியது இதில்தான். ஓர் ஆண்டு வந்த பணத்தில் பெரும்பகுதியைக் கருவிகளில் போட்டோம். பிள்ளைகள் பளபளப்பான சுவரொட்டிகள் செய்தார்கள், எல்லாம் ஒரே வார்ப்புருவில். தண்ணீர்ச் சிக்கனம் பற்றிய சுவரொட்டியில் அருவிப் படம் வைத்திருந்த மாணவனிடம் ஏன் இந்தப் படம் என்று கேட்டேன். "தேடினப்போ முதலில் இதுதான் மிஸ் வந்தது." அவன்மேல் தவறில்லை. பார்க்கப் பழக்காமல் ஆக்கச் சொன்னது நான்.

இரண்டு ஆண்டு கழித்து, வாரம் ஒரு படம் பேசிப் பழகிய பிள்ளைகளோடு மறுபடி தொடங்கினோம். இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்தில் 1917-இல் இரண்டு சிறுமிகள் தேவதைகளோடு இருப்பதாகப் படம் எடுத்தார்கள். துப்பறியும் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற ஆர்தர் கோனன் டாய்லே அதை நம்பினார். வெட்டிய அட்டைப் படங்களைத் தொப்பி ஊசியால் குத்தி நிறுத்தியதாக அவர்கள் ஒப்புக்கொண்டது 1980-களில்தான். அதையே செய்து பார்ப்போம் என்றேன். அட்டையில் ஒரு சிறு உருவம் வெட்டி, செடிக்கு நடுவே குச்சியில் நிறுத்தி, ஒரு பழைய கேமராவால் எடுத்தார்கள். முதல் பத்துப் படங்களில் அட்டை அட்டையாகவே தெரிந்தது. அப்புறம் ஒரு மாணவி தரையோடு படுத்து, வெளிச்சம் பின்னாலிருந்து வரும்படி எடுத்தாள், ஓரங்கள் மங்கி உருவம் நிஜம்போல் ஆனது. எங்கிருந்து எடுக்கிறோம், வெளிச்சம் எங்கே, எதை வெட்டிவிடுகிறோம் என்ற மூன்றையும் அவர்கள் அன்று கையால் கற்றார்கள். சித்திரமும் கைப்பழக்கம் என்பது பார்ப்பவருக்கும் பொருந்தும் என்று அன்றைக்குத் தோன்றியது.

மறைவான செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். பழுது, மின்கலம், பூட்டி வைக்கும் அலமாரி, சில ஆண்டுகளில் மென்பொருள் ஏற்றுக்கொள்ளாத கருவிகள். பிள்ளைகளின் முகங்கள் உள்ள படங்களை யார் வைத்திருப்பது, எப்போது அழிப்பது என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும், பெற்றோர் சம்மதமும் வேண்டும். ஒரு கருவியைச் சுற்றி ஆறு பேர் நின்றால் இரண்டு பேர்தான் தொடுவார்கள். பென்சிலும் பழைய இதழ்களும் கத்தரிக்கோலும் பசையும் கொண்டு தொடங்கினால் இந்தச் சிக்கல்களில் பாதி இல்லை.

(பணம் கட்டிப் பெறும் இணையப் படத் தொகுப்புகள் பற்றியும் கேட்பார்கள். பள்ளிக்கு அது அவசியமில்லை. வழி 2-இல் சொன்ன இலவசத் தொகுப்புகளையே ஓர் ஆண்டில் தீர்க்க முடியாது. சந்தாவை நிறுத்தினால் கையில் எதுவும் மிஞ்சாது.)

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | புத்தகத் தொகுப்பு | வாரம் ஒரு படம் | பாடத்தோடு சேர்ந்து | ஆக்கும் மூலை |
|---|---|---|---|---|
| வளரும் பழக்கம் | பார்ப்பது (ஆள் உடன் இருந்தால்) | பார்ப்பது, கேட்பது | கேட்பது | ஆக்குவது, கேட்பது |
| தொடக்கச் செலவு | நடுத்தரம் | மிகக் குறைவு | குறைவு | அதிகம் (கருவி வாங்கினால்) |
| இரண்டாம் ஆண்டு | கட்டு, மறுபடி வாங்குதல் | ஏறக்குறைய இல்லை | இல்லை | பழுது, மாற்றுதல் |
| பெரியவர் நேரம் | குறைவு | வாரம் 20 நிமிடம், தவறாமல் | மிக அதிகம் | அதிகம் |
| ஆள் மாறினால் | தொடரும் | குறிப்பேடு இருந்தால் தொடரும் | பெரும்பாலும் நின்றுவிடும் | கருவி இருக்கும், வேலை நின்றுவிடும் |

## எந்தப் பள்ளிக்கு எது?

வாரத்துக்கு இருபது நிமிடமும் ஆர்வமுள்ள ஒரு பெரியவரும் இருந்தால், யோசிக்காமல் வழி 2-இல் தொடங்குங்கள். மற்ற மூன்றும் இதன்மேல் நன்றாக உட்காரும். பணத்தைப் பாதி ஆண்டு தொடாமல் வைத்திருந்து, பிள்ளைகள் எந்த மாதிரிப் படங்களில் நின்று பேசுகிறார்கள் என்று பார்த்தபின் அதற்கேற்ற புத்தகங்களை வாங்கினால் அலமாரியில் தூங்கும் புத்தகம் குறையும்.

முழுநேர நூலகர் இல்லை, நூலகம் இடைவேளையில் மட்டும்தான் திறக்கும் என்றால் வழி 1 சிறந்தது. குறைவாக, நல்லதாக, அட்டை தெரியும்படி வையுங்கள். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்குள்ளும் ஒரு கேள்விச் சீட்டு ஒட்டுங்கள். 'எந்தப் பக்கத்தில் படமும் எழுத்தும் வேறு வேறு சொல்கின்றன?' என்பதுபோல் ஒன்றே ஒன்று. உடன் உட்கார முடியாத பெரியவருக்குப் பதில் அந்தச் சீட்டு கொஞ்சமாவது வேலை செய்யும்.

பிள்ளைகள் பதின்மூன்று வயதைத் தாண்டியவர்கள், கையில் கைபேசி வந்துவிட்டது என்றால் வழி 3-ஐத் தள்ளிப்போட முடியாது. எல்லாப் பாடத்தையும் பிடிக்க வேண்டாம். ஒத்துவரும் ஓர் ஆசிரியர், ஒரு பருவத்துக்கு இரண்டு பாடவேளை போதும்.

நன்கொடையாகக் கருவிகள் வந்துவிட்டன, வேண்டாம் என்று சொல்ல முடியாது என்ற நிலையில் உள்ளவர்கள், வாங்கி வையுங்கள். முதல் பருவத்தில் அவற்றை வழி 2-க்குப் படம் காட்ட மட்டும் பயன்படுத்துங்கள்.

எதைத் தொடங்கினாலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்தத் தேதியில் எந்தப் படம், எந்த வகுப்பு, எந்தக் கேள்வி நன்றாக வேலை செய்தது, எந்தப் பிள்ளை முதன்முறையாகப் பேசியது. நான் பழைய நூலகத்தை விட்டு வந்தபோது அலமாரிச் சாவியோடு என்னுடைய நோட்டையும் அடுத்தவரிடம் கொடுத்தேன். முதல் பக்கத்தில் அந்தப் பள்ளத்தாக்குப் படமும், வண்டி எப்படிப் போகும் என்று கேட்ட பையனின் கேள்வியும் இருந்தன. அவர் தன் முதல் வாரத்தை அங்கிருந்துதான் தொடங்கினார்.